எட்டு வாய் ஊற்றிலிருந்து தூண் கோயில் வரை

அந்தக் கோயிலுக்குக் கூரை கிடையாது. சாமியும் கிடையாது. உயரமான கல் மேடை, அதன்மேல் பதினாலு தூண். அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போவதில்லை. நானும் பார்த்தேன்.

ஊர் பெயர் எவோரா. போர்ச்சுக்கல் தேசத்தில் இருக்கிறது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும், அப்போது போனேன். நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. வீட்டுக்காரர் தவறிய பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, மலை ஓரமாகக் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குச் சமைத்துப் போட்டேன். மரியா என்று பெயர். தெருவில் துரைசானி என்பார்கள். நான் அம்மா என்பேன். மலையைப் பார்க்க வந்தவர், திரும்பிப் போகாமல் பதினாலு வருஷம் இருந்துவிட்டார். தமிழை என்னிடமும் பால்காரி முனியம்மாளிடமும்தான் கற்றார். அதனால் முனியம்மாள் மாதிரியே பேசுவார்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை சுற்றுவார். எட்டு மைல். நானும் கூடப் போவேன். காலில் ஒன்றும் போடக்கூடாது. மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். நிறைமாதக்காரி நடக்கிற மாதிரி நிதானமாக நடக்க வேண்டும். பாதியில் விடக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. அதோடு சுற்று நின்றது.

அப்புறம் அவர் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தாயார் வீட்டை விற்க வேண்டும், நேரில் வந்து கையெழுத்துப் போடு என்று.

"போய் போட்டுட்டு வந்துடலாம். நீ கூட வா, கன்னியம்மா" என்றார்.

"எத்தினி நாளு?"

"பொங்கலுக்குள்ள வந்துடலாம்."

நான் அஞ்சாவது வரை படித்தவள். விழுப்புரம் தாண்டினது கிடையாது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. போனேன்.

கப்பல் கதையை விடுகிறேன். வாந்தி எடுத்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

துறைமுகத்திலிருந்து எவோராவுக்கு ரயில். நம் காட்பாடி வண்டியைவிட வேகம் கம்மி. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின்மேல் கருப்புப் பன்றிகள், ஐம்பது அறுபது இருக்கும். மேய்க்கிறவன் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எஞ்சின்காரர் கத்தினார். அவன் ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அங்கே மரங்களுக்குப் பட்டையை உரித்துவிடுகிறார்கள். புட்டி அடைக்கிற கார்க்கு செய்வதற்காம். இடுப்பளவு உயரத்துக்குமேல் வரை சிவப்பாக நிற்கிறது. ஆட்டை உரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

ஸ்டேஷனில் அண்ணன் நின்றார். நெட்டையானவர், தொப்பி, கருப்புக் கோட்டு. ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தங்கையை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் வந்தது. பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பூண்டும் கொத்தமல்லியும் இடித்துக் கலந்து, வெந்நீர் ஊற்றி, மேலே ஒரு முட்டை. நமக்குப் பழைய சோறு, அவர்களுக்குப் பழைய ரொட்டி. மூக்குக்கு நேராகக் கொத்தமல்லி வாசனை வந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டேன். அந்த வீட்டுச் சமையல்காரி பெயர் இனேஸ். சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் கருவாடு காட்டினாள். பலகை மாதிரி இருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். அதை ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத்தான் சமைக்கிறார்கள்.

இனேஸ் தலையிலிருந்து கால் வரை கருப்பு உடுத்தியிருந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். தன் கருப்புச் சேலையைத் தொட்டு, என்னைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பாஷை தேவைப்படவில்லை. சேலை என்று எழுதிவிட்டேன். அது பாவாடையும் போர்வையும்.

மூன்றாம் நாள் அம்மா கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தங்கையும் வெகுநேரம் பேசினார்கள். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அந்த ஊர்ல போய் சாகப் போறியான்னு கேக்கறான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

அதுதான் விஷயம். அம்மாவுக்கு மலைப் பக்கத்தில் கண்மூட வேண்டும். அண்ணனுக்குத் தங்கை தன் கண்முன்னால் இருக்க வேண்டும். டாக்டர் ஒருவர் வந்து காலைத் தட்டிப் பார்த்தார். இந்தக் காலோடு மறுபடி கப்பல் ஏறக்கூடாது என்றார். அண்ணன் அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம் ஒரு நிபந்தனை சொன்னார். அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யார் கையும் புடிக்காம, கைத்தடி மட்டும் வச்சிக்கினு, இந்த வீட்லேர்ந்து தூண் கோயில் வரைக்கும் நடந்து காட்டு. காட்டிட்டா போ. இல்லன்னா இங்கியே இரு. இதான்."

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டு பர்லாங்கு. கொஞ்சம் ஜாஸ்தி."

நான் சிரித்துவிட்டேன். எட்டு மைல் நடந்தவருக்கு ரெண்டு பர்லாங்கா? அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது.

மறுநாள் அந்த வழியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. தெரு முழுக்க முட்டை முட்டையாகக் கல் பதித்திருக்கிறது. பாதிக்கு மேல் ஏற்றம். டாக்டர் அம்மாவுக்குத் தனியாக ஒரு பூட்ஸ் செய்யச் சொன்னார். இடது பூட்ஸில் இரண்டு பக்கமும் முழங்கால் வரை இரும்புப் பட்டை, அஞ்சு வார். தினமும் நான்தான் மாட்டிவிடுவேன். எனக்கும் மரத்தில் அடி வைத்த செருப்பு ஒன்று கொடுத்தார்கள். ஐப்பசி முடியும் நேரம். குளிர்.

முதல் நாள் ஊற்று வரைதான் முடிந்தது. ஊர் நடுவில் ஒரு மைதானம். அதில் பளிங்கு ஊற்று, உருண்டையாக, மேலே ஒரு கிரீடம். சுற்றி எட்டு வாய். எட்டிலும் தண்ணீர் விழுகிறது. அம்மா ஒவ்வொரு வாயாகத் தொட்டு, "இந்திரலிங்கம், அக்னிலிங்கம்" என்று எண்ணிக்கொண்டே போனார். நம் மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறதே, அந்தக் கணக்கு. குடம் வைத்திருந்த பொம்பளைகள் எங்களையே பார்த்தார்கள். ஒருத்தி என் கையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"பச்ச குத்தியிருக்காளே, கப்பல்ல வேல செஞ்சவளான்னு கேக்குது" என்றார் அம்மா.

"இல்லன்னு சொல்லுங்க."

"ஆமான்னு சொல்லிட்டேன். கப்பல்காரின்னா பயப்படுவாங்க. வழி வுடுவாங்க."

உண்மையாகவே வழி விட்டார்கள். இன்னொருத்தி கோவாவா என்று கேட்டாள். அந்த ஊரில் என்னைப் பார்த்த எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு இந்தியா என்றால் கோவாதான். இல்லை என்று தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

இரண்டாம் நாள் ஊற்றைத் தாண்டி, வளைவு வளைவாகக் கட்டிய தாழ்வாரம் வரை. மூன்றாம் நாள் ஏற்றத்தில் பாதி. அந்தச் சந்தில் ஒரு லாரி வந்தது. இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இடமில்லை. நாங்கள் ஒரு வீட்டு வாசற்படியில் ஏறிக் கதவோடு ஒட்டி நின்றோம். கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரு கிழவர் தாடி மழித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சோப்பு. அப்படியே எழுந்து வணக்கம் சொன்னார். லாரி போகும்வரை அம்மாவோடு பேசினார். மழையைப் பற்றியாம்.

நாலாம் நாள் மழை. வெளியே போக முடியவில்லை. இனேஸ் என்னைக் குடை பிடித்து இன்னொரு கோயிலுக்கு அழைத்துப் போனாள். சுவர் முழுக்க மண்டையோடும் எலும்பும் வைத்துப் பூசியிருக்கிறது. சாமியார்கள் செய்ததாம். நாம் எரித்துவிட்டு ஆற்றில் கரைத்துவிட்டு வந்துவிடுகிறோம். இவர்கள் சுவராகக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இனேஸ் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குப் பயமாக இல்லை. சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

அஞ்சாம் நாள் ஏற்றம் முடிந்து பெரிய கோயிலைத் தொட்டோம். மாதா கோயில். இரண்டு கோபுரம். ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. கட்டினவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள் போல. வாசலில் இரண்டு பக்கமும் ஆளுயரச் சிலைகள், நம் துவாரபாலகர் மாதிரி. அம்மா மூச்சு வாங்கினார். உள்ளே போய் உட்கார்ந்தோம். அங்கே ஒரு மாதா சிலை. வயிறு பெரிதாக, ஒரு கையை வயிற்றில் வைத்து நிற்கிறாள். நிறைமாதம்.

"இதோ பாருங்க. இப்பிடித்தான் நடக்கணும். நீங்க ஓடறீங்க" என்றேன்.

அம்மா அந்தச் சிலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்னப் புள்ளையிலேர்ந்து இவள பாக்கறேன். நீ சொல்லித்தான் தெரியுது" என்றார்.

வெளியே ஒருத்தி கொட்டை சுட்டு விற்றாள். காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிக் கொடுத்தாள். நம் ஊரில் மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொடுக்கிற மாதிரி. ருசி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கையைச் சுட்டது. அதுவே இதமாக இருந்தது.

அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் தூண் கோயில். அன்றைக்கே தெரிந்தது. அம்மா அதற்குமேல் போகவில்லை. "அன்னிக்கி பாத்துக்கலாம்" என்றார். ரோமாபுரி ராஜா காலத்தில் கட்டினதாம். ஒரு பெண் தெய்வத்தின் பெயர் சொல்கிறார்கள். நடுவில் பல காலம் கசாப்புக் கடையாக இருந்ததாம். "ஆடு வெட்ன எடமா?" என்று கேட்டேன். "கல்லுக்கு இன்னா தெரியும்" என்றார் அம்மா.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்தோம். காலையில் தூறி விட்டிருந்தது. அண்ணன் முன்னாலேயே போய்த் தூண் கோயிலுக்கு எதிரே தொப்பியோடு நின்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நடந்தேன். தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஊற்றில் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு முறை நின்றார். ஏற்றத்தில் நாலு முறை. தாடி மழித்த கிழவர் ஜன்னலில் இருந்து கையாட்டினார். மாதா கோயில் வந்தது. அம்மா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்தார். திரும்பினோம். தூண்கள் தெரிந்தன. கடைசி இருபது அடியில் இடது கால் தரையைத் தேய்த்தது. ஆனால் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் கோட்டுப் பையில் கையை விட்டார். பாஸ்போர்ட்டை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அதோடு திரும்பியிருக்க வேண்டும்.

"அம்மா, கோயில் வரைக்கும் வந்துட்டு சும்மா திரும்பக்கூடாது. ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம்" என்றேன்.

"சாமி இல்லியே, கன்னியம்மா."

"எடம் கீதே."

அம்மா சிரித்தார். சரி என்றார். நான் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உட்கார்ந்து அம்மாவின் பூட்ஸ் வாரை அவிழ்த்தேன். அஞ்சு வாரையும் அவிழ்த்தேன். அம்மா காலை நீட்டிக் கொடுத்தார். காலில் தோலை மாட்டிக்கொண்டு கோயிலை யார் சுற்றுவார்கள்? பதினாலு வருஷமாக அப்படித்தான். இரண்டு பேருக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அண்ணன் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்லிக்கொண்டே கிட்டே வந்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

வலது கைப் பக்கம் கோயில். ஒரு பக்கம் ஆயிற்று. பின்பக்கம் ஆயிற்று. கல் ஐஸாக இருந்தது. எனக்கே பாதம் மரத்தது. அம்மாவுக்கு அந்தக் காலில் உணர்ச்சி முன்னாலேயே கம்மி. மூன்றாவது பக்கம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதையும் தாண்டினார். நாலாவது பக்கம் பாதிக்குமேல் வந்து, வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்தார். சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற சத்தம்.

நான் ஓடித் தூக்கப் போனேன். "என்ன வுடு. பாஸ்போர்ட்டு நனையுது, எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் படுக்கை. அப்புறம் சொல்ல முடியாது.

அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்று தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கையில் பூட்ஸ் இருந்தது. அம்மா பதில் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா கேட்டாரு?"

"யாரு கழட்டினதுன்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நானேதான் கழட்டினேன்னு சொன்னேன்."

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"அவன் உன்ன திட்டுவான். போர்ச்சுகீசுல திட்டினா உனுக்குப் புரியாது. வேஸ்ட்டு."

எனக்காக அவரிடம் எடுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உட்கார்ந்திருந்த மேசைமேல் பூட்ஸை வைத்தேன். அஞ்சு வாரையும் ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். இனேஸ் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

அண்ணன் பூட்ஸைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எங்களுக்குள் பேச பாஷை இல்லை.

நான் தங்கிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நீ இங்க இருந்தா அங்க வீட்ட யாரு பாத்துக்கறது? கப்பல் ஏறு. நான் அப்பால வர்றேன்" என்றார்.

கிளம்புகிற நாள் காலையில் தூண் கோயிலுக்குப் போனேன். அண்ணனும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. அம்மா விழுந்த இடம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அங்கே போய் நின்றார். நான் செருப்பைக் கழற்றினேன். அம்மாவின் கைத்தடியை எடுத்துக்கொண்டு அந்த இடத்திலிருந்து மீதியை நடந்தேன். அண்ணன் பின்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஷூவைக் கழற்றவில்லை. அவர் வழக்கம் அது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

"முடிச்சியா?" என்று கேட்டார் அம்மா.

"முடிச்சேன்."

"எத்தினி அடி மிச்சம் இருந்துது?"

"பதினேழு."

அம்மா மேலே உத்திரத்தைப் பார்த்தார். "ச்சீ, அவ்ளோதானா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். ரயிலுக்கு நேரமாயிற்று.

திருவண்ணாமலையில் இறங்கின அன்றைக்கே முனியம்மாள் பாலோடு வந்தாள்.

"சீமையில இன்னா பாத்த?"

"ஒரு கோயிலு."

"இன்னா சாமி?"

"சாமி இல்ல."

"சாமி இல்லாத கோயில பாக்கவா கடல் தாண்டிப் போன? இங்க கீற கோயிலு பத்தலியா?" என்றாள். துரைசானி எங்கே என்று அப்புறம்தான் கேட்டாள். சொன்னேன். முனியம்மாள் பாலை அளந்து ஊற்றாமல் அப்படியே செம்போடு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மாவிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. இங்கிலீஷில் வரும். தபால்காரர் படித்துச் சொல்வார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன் என்று ஒன்று. ஊற்று வரை வண்டியில் போனேன், எட்டையும் தொட்டேன் என்று ஒன்று. வீட்டைப் பார்த்துக்கொள் என்று எல்லாவற்றிலும் இருக்கும். பார்த்துக்கொள்கிறேன். கோவாவுக்காக நம் சர்க்காருக்கும் அவர்கள் சர்க்காருக்கும் சண்டை முற்றின பிறகு கடிதம் நின்றுவிட்டது. அதுதான் காரணம் என்கிறார் தபால்காரர். இருக்கலாம். அம்மாவுக்கு அப்போதே வயசு அறுபதுக்கு மேல்.

கதவுக்குப் பின்னால், நான் கையோடு கொண்டுவந்த அவர் கைத்தடி நிற்கிறது. அவர் அறையைச் செவ்வாய்க்கு முதல் நாள் கழுவிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மலை சுற்றுகிறேன். தொடங்கின இடத்துக்கு வந்ததும் எல்லாரும் நின்று கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன். அப்புறம் இன்னும் பதினேழு அடி மேலே நடப்பேன்.

போன வாரம் முனியம்மாளும் கூட வந்தாள். அவள் நின்றுவிட்டாள். நான் நடந்தேன்.

"ஏ, சுத்து முடிஞ்சிதே. எங்க போற?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் மிச்சம் கீது" என்றேன்.